மீன்தொட்டிக்குள் சீரியல் செட்

கம்ப்யூட்டர் உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளுக்கு முதலில் ஒரு பாராட்டு விழா எடுத்துவிடுவோம். பொன்னாடை, ஆளுயர மாலை, வெள்ளி வீரவாள் எல்லாம் தயார். மேசைக்கு அடியில் வாயைத் திறக்காமல் கிடந்த தகர கேபினட்டை மேசை மேல் ஏற்றி, முன்னும் பக்கமும் கண்ணாடி போட்டு, உள்ளே பத்து ஃபேனைச் சுழலவிட்டு, ஒவ்வொரு ஃபேனுக்கும் வளையம் வளையமாக விளக்கு மாட்டி, ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கட்டுகிற சீரியல் செட்டை வருஷம் பூராவும் வீட்டுக்குள் எரியவிட்ட பெருமை அவர்களையே சேரும். அம்மன் கோயிலிலாவது பத்தாம் நாள் மைக் செட்டுக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போவார். இதைக் கழற்ற ஆள் கிடையாது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் சிவப்பும் நீலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசி வாக்கியம் மிகை என்று நினைப்பவர்கள் ஏதாவது ஹாஸ்டல் அறையில் ஓர் இரவு படுத்துப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சை அணைக்காதவரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் மெஷின் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. பல மதர்போர்டுகள் அந்தக் கரண்டை எடுத்து விளக்கை எரியவிடுகின்றன. நிறுத்த வழி இல்லாமல் இல்லை. பயாஸுக்குள் போய், மின்சாரச் சிக்கனத்துக்காக ஐரோப்பிய யூனியன் போட்ட விதியின் பெயரைத் தாங்கிய 'இஆர்பி' என்ற ஒன்றைத் தேடிப் பிடித்து 'ஆன்' செய்ய வேண்டும். சிக்கனத்தை நாம்தான் தேடிப்போய் ஆன் செய்யவேண்டும். ஊதாரித்தனம் ஃபேக்டரியிலேயே ஆன் ஆகி வரும்.

இவர்களுடைய முதல் சாதனை காற்றை அடைத்தது. கேபினட்டின் முன்பக்கம் ஓட்டை ஓட்டையாக ஏன் இருந்தது? ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு 200, 300 வாட் தின்றுவிட்டு அத்தனையையும் சூடாகக் கக்கும். அந்தச் சூடு பின்னால் போக, முன்னால் குளிர்ந்த காற்று வர வேண்டும். தகரத்தில் ஓட்டை போட்டால் தீர்ந்தது விஷயம். ஆனால் ஓட்டையை எப்படி விற்பது? ஓட்டைக்கு எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒட்ட முடியாதே. ஆகவே முன்பக்கத்தைக் கண்ணாடியால் மூடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேன். காற்று வருவதற்கு ஓரத்தில் விரல் நுழையாத ஒரு கீற்று. உள்ளே சூடு ஏறியதா? மேலே மூன்று ஃபேன் போடுங்கள். இன்னும் ஏறுகிறதா? அடியில் மூன்று. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை நமக்குத் தெரியும். தொட்டில் ஆட்டக் கூலியும், ஆட்டுகிற நேரத்துக்கு விளக்கு வாடகையும் வாங்குகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'மீன்தொட்டி' கேபினட் என்று கடைக்காரர்கள் சொல்கிற வகைக்கு மூலவர், 2018இல் லியான் லி கொண்டுவந்த ஓ11 டைனமிக். அதில் முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி இருந்தாலும், அடியிலும் மறுபக்கத்திலும் காற்று வர வழி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து காப்பியடித்தவர்கள் கண்ணாடியை மட்டும் காப்பியடித்தார்கள்.

கண்ணாடி வந்தபின் இன்னொரு அவமானம் வெளிப்பட்டது. ஃபேனுக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. முகத்தால் காற்றை இழுத்து முதுகுப் பக்கம் தள்ளும். முதுகில் குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் இருக்கும். அடியிலோ பக்கத்திலோ வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறபடி ஃபேனை மாட்டினால் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்குத் தெரிவது அந்த முதுகு. இந்தத் துயரத்தைப் பொறுக்கமாட்டாமல், றெக்கையை எதிர்த்திசையில் வளைத்த 'ரிவர்ஸ்' ஃபேனைக் கொண்டுவந்தார்கள். முகத்தைக் காட்டிக்கொண்டே வேலை செய்கிற ஃபேன். அதுவும் போதாமல் போனது. ஃபேனின் நடுவயிற்றில் எல்சிடி திரை பதித்தாயிற்று. சுற்றுகிற றெக்கைக்கு நடுவே ஒரு பூனை ஆடும். மனிதகுலத்தின் வெப்பப் பிரச்சினை இப்படியாகத் தீர்ந்தது.

இந்த ஃபேன்கள் எதற்கு எவ்வளவு கரண்ட் எடுக்கின்றன என்று ஒரு கணக்குப் போடுவோம். 120 மில்லிமீட்டர் ஃபேனின் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் போதும். பெருக்கினால் 1.8 வாட். இதே ஃபேனில் ஓடி விளையாடுகிற விளக்குகளில் பரவலான ஒரு வகை டபிள்யூஎஸ்2812பி. முழு வெள்ளையில் எரிந்தால் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பதினாறு விளக்கு மாட்டினால், 5 வோல்ட்டில் 4.8 வாட். மோட்டாருக்கு எடுப்பதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். ஃபேன் வாங்கினேன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். கணக்குப்படி நீங்கள் வாங்கியது விளக்கு. காற்று அதற்கு இலவச இணைப்பு. அரசாங்கமும் பாகுபாடு பார்ப்பதில்லை, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி.

இனி செருகும் படலம்.

காற்றுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாலு பின் ஃபேனுக்கான வரையறையை இன்டெல் கம்பெனி எழுதி வைத்து இருபது வருஷம் ஆகிவிட்டது. ஒரு கம்பி கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், ஒன்று எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்வதற்கு, ஒன்று வேகத்தைக் கட்டளையிடுவதற்கு. கட்டளை 25 கிலோஹெர்ட்ஸில் போகும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு திரும்பி வரும். அவ்வளவுதான் சட்டம். ஆஸ்திரியாக்காரர் வடிவமைத்த ஃபேன் தைவான்காரர் போர்டில் சுற்றும். பழைய மூன்று பின் ஃபேன்கூட போர்டில் இருக்கிற நாலு பின் செருகுமுனையில், அதாவது ஹெடரில், உட்காரும். ஹெடரின் ஓரத்தில் நிற்கிற சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று, தலைகீழாகச் செருக முடியாதபடி பார்த்துக்கொள்ளும். போர்டில் சிபியு_ஃபேன் என்று எழுதியிருந்தால் பிராசசருக்கு, சிஸ்_ஃபேன் அல்லது சிஎச்ஏ_ஃபேன் என்றிருந்தால் கேபினட்டுக்கு. ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். ஸ்ப்ளிட்டர் போட்டு ஒன்றில் மூன்று ஃபேன் மாட்டினாலும் அரை ஆம்பியருக்குள் அடங்கும். சுற்று எண்ணும் கம்பி மட்டும் ஒரு ஃபேனிலிருந்துதான் போக வேண்டும். நல்ல ஸ்ப்ளிட்டரில் மற்ற இரண்டு முனையிலும் அந்தப் பின்னையே வைக்காமல் விட்டிருப்பார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை கால் மணி நேரத்தில் செய்துவிடுகிற வேலை.

காற்றில் லாபம் குறைவு, அதனால் சண்டை இல்லை. வெளிச்சத்தில் லாபம் அதிகம். அங்கே நாலு ராஜ்ஜியம், நாலு கொடி.

விளக்குக்கு இரண்டு சாதி ஹெடர். பழையது 12 வோல்ட், நாலு பின், எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் எரியும். புதியது 5 வோல்ட், நாலில் ஒரு பின்னைப் பிடுங்கிய மூன்று பின், ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும். இந்த இரண்டுக்கும் போர்டில் என்ன பெயர் எழுதுவது என்று கம்பெனிகள் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும். எம்எஸ்ஐ பழையதை ஜேஆர்ஜிபி என்றது, புதியதை ஜேரெயின்போ என்றது. கிகாபைட் எல்இடி_சி என்றது, டி_எல்இடி என்றது. அஸ்ராக் புதியதை ஏடிடிஆர்_எல்இடி என்றது. ஆசுஸ் ஏடிடி_ஜென்2 என்றது. எம்எஸ்ஐயின் சில போர்டுகளில் கோர்சேர் கம்பெனியின் விளக்குக்கென்றே ஜேகோர்சேர் என்று தனி மானியம் விட்டிருந்தார்கள். கோர்சேரோ 2023இல் ஐக்யூ லிங்க் என்று சொந்தமாக ஒரு பிளக்கே கொண்டுவந்துவிட்டது. அந்த ஃபேனை அவர்கள் ஹப்பில்தான் மாட்ட வேண்டும். இன்டெல் எழுதிய நாலு பின் சட்டம் அந்த ராஜ்ஜியத்தில் செல்லாது.

பெயரில் என்ன இருக்கிறது, செருகிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். செருகிப் பார்த்தால் கருகிவிடும். அதுதான் சங்கதி. 5 வோல்ட் விளக்கின் கனெக்டரையும் 12 வோல்ட் ஹெடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே அகலம், அதே இடைவெளி, அதே கறுப்பு. விளக்கின் கனெக்டரில் மூன்றாவது ஓட்டையை அடைத்திருந்தால் நாலு பின் ஹெடரில் ஏறாது. நல்ல கம்பெனிக்காரர்கள் அடைத்திருப்பார்கள். மலிவு சரக்கில் அந்த அடைப்பு இருக்காது. வழுக்கிக்கொண்டு ஏறும். பவர் பட்டனை அமுக்கிய நொடியில், 5 வோல்ட்டுக்குப் பிறந்த விளக்குகளுக்குள் 12 வோல்ட் பாயும். ஒரு பளிச். பிறகு மெலிதாக ஒரு வாடை. திருவிழா முடிந்தது.

எதை எதில் செருகுவது என்பதற்குப் போர்டில் அச்சடித்திருக்கிற எழுத்து அரிசியில் பாதி இருக்கும். ஹெடர் இருப்பது போர்டின் அடி ஓரத்தில், கேபிள் குவியலுக்குக் கீழே, கிராபிக்ஸ் கார்டின் நிழலில். விளக்கு மாட்டுவதற்கு மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேட வேண்டும். கையேட்டைப் பார்க்கலாமென்றால், பல போர்டுகளோடு இப்போது கையேடே வருவதில்லை. ஒரு மடித்த தாளும் ஒரு க்யூஆர் கோடும் வரும். இன்னும் கம்ப்யூட்டரே இல்லாதவன் கம்ப்யூட்டரில் போய் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே பெட்டிக்குள் இருக்கிற மற்ற பிளக்குகளைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற 24 பின் கனெக்டரில் சில ஓட்டை சதுரம், சில ஓட்டை மூலை சீவியது. திருப்பிச் செருக முடியாது. பிராசசருக்குப் போகிற எட்டு பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிற எட்டு பின்னும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றில் மற்றது ஏறாதபடி வடிவம் வேறு. சாட்டாவுக்கு எல் வடிவ நாக்கு. விலை குறைந்த டிவிடி டிரைவுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்தது. ஆகவே தப்பாகச் செருக முடியாத பிளக் செய்வது எப்படி என்று இந்தத் தொழிலுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். விளக்கில் மட்டும் மறந்துபோயிற்று.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்தையில் இருக்கிற நூற்றுக்கணக்கான கடைகளில் ஒன்று. அப்பாவும் மகனும் நிற்கிறார்கள். அப்பா கையில் மஞ்சள் பை, அதற்குள் சொசைட்டிக் கடன். மகனுக்கு இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கடைக்காரப் பையன் கேபினட்டைத் தட்டிக் காட்டுகிறான்.

"சார், இதுல ஏழு ஃபேன் கம்பெனியே போட்டுத் தருது. மேல மூணு போட்டா ஃபுல் செட்டு."

"பத்து எதுக்குத் தம்பி?"

"லுக்கு சார்."

"காத்து?"

"காத்தும் வரும் சார்."

அந்த 'காத்தும்' என்ற சொல்லுக்கு அந்தப் பையனைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். கம்பெனிகள் கோடி கோடியாகச் செலவழித்து மறைக்கிற உண்மையை ஒரே ஓர் 'உம்' போட்டுச் சொல்லிவிட்டான்.

அப்பா இன்னொரு கேள்வியும் கேட்டார். படிப்புக்குத்தானே கேட்கிறாய், இத்தனை லைட் எதற்கு என்று. மகன் பதில் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. யூடியூபில் கம்பெனி அனுப்பிய இலவசச் சரக்கை மேசை மேல் பரப்பி வைத்துக்கொண்டு 'பட்ஜெட் பில்ட்' நடத்துகிற ஒவ்வொரு வீடியோவிலும், விளக்கில்லாத கம்ப்யூட்டர் தரித்திரம் பிடித்தது என்றுதான் அவன் பாடம் படித்திருக்கிறான். முன்னால் வலை வைத்த சாதாரண கேபினட், முன்பக்கம் இரண்டு ஃபேன், பின்பக்கம் ஒன்று. அவன் எழுதப்போகிற புரோகிராமுக்கும் இடையிடையே ஆடப்போகிற ஆட்டத்துக்கும் அது போதும் என்று எந்த வீடியோவும் அவனுக்குச் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னால் எதை விற்பது?

அந்த ஏழு ஃபேனும் எங்கே போய்ச் செருகியிருக்கின்றன என்று பார்த்தால் இன்னொரு நாடகம். மலிவு கேபினட்டில் பல நேரம் ஃபேன் வயர் மோலெக்ஸ் என்ற பிளக் வழியாக நேரே எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போய்விடும். எப்போதும் முழு வேகம், எப்போதும் முழு இரைச்சல். அல்லது ஆறு பின் கொண்ட ஒரு சின்ன பிளக், பின்பக்கம் ஒட்டியிருக்கிற ஒரு கறுப்பு டப்பாவுக்குள் போகும். அதற்கு ஒரு ரிமோட். இந்த ஃபேன்கள் இருப்பதே மதர்போர்டுக்குத் தெரியாது. பிராசசர் 90 டிகிரியில் தவித்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, மதர்போர்டு சொல்வதைக் கேட்டு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றுக்கு வழியில்லை. இலாகா இல்லாத மந்திரிகள். கார், சுழல்விளக்கு, பந்தா எல்லாம் உண்டு. வேலை எதுவென்று கேட்கக்கூடாது. ஒரு ஃபேன் செத்தால், அதே ஆறு பின் இருக்கிறதே என்று வேறு கம்பெனி ஃபேனை வாங்கி மாட்டவும் முடியாது. பிளக் ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி வரிசை வேறு. செட்டோடு மாற்ற வேண்டும்.

சரி, நல்ல ஃபேனாகவே வாங்கிப் பத்தையும் ஒழுங்காக மதர்போர்டிலேயே மாட்டுவோம் என்றால், முன்னே போட்ட கணக்கை நீட்டிப் பாருங்கள். பத்து ஃபேன், ஃபேனுக்குப் பதினாறு விளக்கு, எல்லாம் ஒருசேர வெள்ளையில் எரிந்தால் 9.6 ஆம்பியர். 5 வோல்ட் ஹெடர் ஒன்று பொதுவாகத் தாங்குவது 3. அதனால் சாட்டா பவரில் ஓடும் ஹப் ஒன்று வாங்கச் சொல்வார்கள். சாட்டா பிளக்கின் 5 வோல்ட் பக்கம் மூன்று பின், பின்னுக்கு 1.5 வீதம் 4.5 ஆம்பியர். பத்து விளக்கு வளையத்தையும் அதில் கோர்த்துவிட்டு, ஹப் டப்பாவில் 'பத்து போர்ட்' என்று பெருமையாக அச்சடித்து விற்கிறார்கள். எல்லாரும் வெள்ளை நிறம் வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த பிளக் உருகாமல் இருக்கிறது.

இத்தனை கரண்டையும் தர வேண்டிய எஸ்எம்பிஎஸ் எங்கே? அந்தக் கண்ணாடி மாளிகையில் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஜீவன் அதுதான். அடியில் ஒரு தகர மூடிக்குள் இருட்டில் கிடக்கும். விளக்குக்குப் போன பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. அது அங்கிருந்துதான் வருகிறது. அப்பாவின் கடன் தீரும்வரை உழைக்க வேண்டிய பொருளுக்கு, ஸ்டிக்கரில் மட்டும் வாட் காட்டுகிற ஏதோ ஒரு டப்பா. தெரிகிற இடத்தில் பட்டு, தெரியாத இடத்தில் கந்தல். இதை வாங்குகிறவன் செய்யவில்லை. அந்தத் தகர மூடியை யார் வடிவமைத்தார்களோ அவர்கள் செய்தார்கள்.

இதுவரை சொன்னது வெறும் பிளக், வயர். இழப்பு சில ஆயிரம் ரூபாய். இனிச் சொல்வதற்குத்தான் வயிறு எரிகிறது.

விளக்கு எரிந்தால் போதாது, ஓட வேண்டும். ஓட்டுவதற்கு சாஃப்ட்வேர். போர்டு ஒரு கம்பெனி, ராம் ஒரு கம்பெனி, ஃபேன் ஒரு கம்பெனி, கீபோர்டு ஒரு கம்பெனி. ஆகவே ஆர்மரி கிரேட், ஐக்யூ, மிஸ்டிக் லைட், ஆர்ஜிபி ஃபியூஷன், சினாப்ஸ் என்று விண்டோஸ் திறக்கும்போதே வரிசையில் நிற்பார்கள். ஆசுஸ் போர்டு என்றால் தேடிப்போகக்கூட வேண்டாம். புதிதாக விண்டோஸ் போட்டதும் ஆர்மரி கிரேட் போடட்டுமா என்று போர்டே கேட்கும். அந்த வசதி பயாஸில் ஆன் ஆகியே வருகிறது.

ராமின் விளக்கை அணுக, மதர்போர்டில் ஓடும் எஸ்எம்பஸ் என்ற சின்னப் பாதை வழியாகப் போக வேண்டும். சாதாரண சாஃப்ட்வேருக்கு அங்கே அனுமதி இல்லை. அதனால் இவர்கள் விண்டோஸின் கருவறைக்குள்ளேயே, கெர்னலுக்குள், ஒரு டிரைவரை உட்கார வைத்தார்கள். சீரியல் செட் கட்ட வந்தவரிடம் கருவறைச் சாவி. அதையும் பூட்டாமல் போனார்கள்.

2018 டிசம்பரில் செக்யூர்ஆத் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஆசுஸின் ஆரா சிங்க் விளக்கு சாஃப்ட்வேரோடு வருகிற டிரைவர்களிலும், கிகாபைட் சாஃப்ட்வேர்களோடு வருகிற டிரைவர்களிலும் ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. கம்ப்யூட்டரில் எந்த அதிகாரமும் இல்லாத ஒரு புரோகிராம் அந்த டிரைவர் வழியாக உள்ளே போய் எதை வேண்டுமானாலும் செய்யலாம். முன்கூட்டியே சொல்லியும், எங்கள் சரக்கில் பாதிப்பு இல்லை என்று கிகாபைட் பதில் சொன்னது. 2020 பிப்ரவரியில் சோஃபோஸ் நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்தது. ராபின்ஹூட் என்ற கப்பம் கேட்கும் வைரஸ் கும்பல், அதே கிகாபைட் டிரைவரைத் தாங்களே கையோடு கொண்டுவந்து, கிகாபைட்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் ஏற்றி, அந்த ஓட்டை வழியாக ஆன்டிவைரஸைக் கொன்றுவிட்டு, ஃபைல்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. முறையான டிஜிட்டல் கையெழுத்துள்ள டிரைவர் அல்லவா, விண்டோஸ் சலாம் போட்டு உள்ளே விட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலும் அந்தக் கையெழுத்து ரத்தாகியிருக்கவில்லை. ராபின்ஹூட் யாரென்று தெரியாதவர்களுக்கு: 2019 மே மாதம் அமெரிக்காவில் பால்டிமோர் மாநகராட்சியையே வாரக்கணக்கில் முடக்கிய வைரஸ் அது. பால்டிமோரில் இந்த டிரைவர் வழியாகப் போனதாகத் தகவல் இல்லை.

'பாதிப்பு இல்லை' என்று சொன்னார்களே, அந்த மூன்று எழுத்து இல்லைக்கு எந்த நீதிமன்றம் அபராதம் போட்டது? யாருடைய சம்பளம் நின்றது?

அடங்கினார்களா? 2023 மே மாதம் எக்ளிப்சியம் என்ற நிறுவனம் இன்னொன்றைச் சொன்னது. கிகாபைட்டின் 271 மாடல் மதர்போர்டுகளில், போர்டின் ஃபர்ம்வேரே ஒவ்வொரு முறை விண்டோஸ் திறக்கும்போதும் ஒரு புரோகிராமை உள்ளே இறக்கி, அது இணையத்திலிருந்து வேறொன்றைக் கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தது. கொண்டுவருகிற வழிகளில் ஒன்று, எந்தப் பூட்டும் இல்லாத வெறும் எச்டிடிபி. அப்டேட் தருகிற சேவையாம். அம்பலமான பிறகுதான் பயாஸ் திருத்தம் வந்தது. 2025 மார்ச்சில், ஃபேன் வேகத்தையும் விளக்கையும் கட்டுப்படுத்துகிற பல சாஃப்ட்வேர்கள் கூசாமல் பயன்படுத்தி வந்த வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை விண்டோஸ் டிஃபெண்டரே பிடித்து உள்ளே போட்டது. அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தவர்களுக்கு வைரஸ் எச்சரிக்கை. வைரஸ் எதுவென்று பார்த்தால், ஃபேன்.

இந்தக் கூத்துக்கு நடுவே, எல்லாக் கம்பெனி விளக்கையும் ஒரே இடத்திலிருந்து இயக்க ஓபன்ஆர்ஜிபி என்று ஒன்றைச் சம்பளம் வாங்காத சிலர் எழுதினார்கள். கம்பெனிகள் வெளியே சொல்லாத விவரங்களை ஒவ்வொரு கருவியாக ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆயிரக்கணக்கான இன்ஜினியர்களை வைத்திருக்கிற கம்பெனிகளால் முடியாத ஒற்றுமை, ராத்திரியில் கண்விழித்து எழுதிய சிலரால் முடிந்தது. மைக்ரோசாஃப்டும் 2023 செப்டம்பரில் டைனமிக் லைட்டிங் என்று ஒன்றை விண்டோஸ் 11க்குள் வைத்தது. கெர்னலைத் தோண்டாமல் விளக்கை இயக்க ஒரு பொது வழி. வழி திறந்துதான் இருக்கிறது. தங்கள் சாஃப்ட்வேரைப் போட்டு, அக்கவுன்ட் திறந்து, ஈமெயில் கொடுத்தால்தான் உன் விளக்கு எரியும் என்று சொல்லிப் பழகியவர்களில் சிலருக்கு அந்த வழியில் நடக்கக் கால் வரவில்லை.

ரிச்சி தெருவில் ஃபுல் செட்டு வாங்கிப்போகிற பையன்களில் யாராவது ஒருவன், மூன்றாம் நாள் கருகிய ஹெடரோடு சர்வீஸ் சென்டரில் போய் நிற்பான். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் ஒரு லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுப் படிவத்தில் மூன்று எழுத்து எழுதுவார். சிஐடி. போலீஸ் இல்லை. வாடிக்கையாளரே செய்த சேதம் என்பதன் சுருக்கம். மூன்று வருஷ வாரண்டி அந்த இடத்தில் முடிந்துபோகும். கனெக்டரில் ஓர் ஓட்டையை அடைக்காமல் அனுப்பியவனுக்குச் சுருக்கெழுத்து எதுவும் இல்லை. இரண்டு ஹெடரையும் ஒரே அச்சில் வார்த்தவனுக்கும் இல்லை.

தைபேயில் வருஷாவருஷம் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி நடக்கிறது. இவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடி, ஒரே டீயைக் குடித்து, ஒருவர் ஸ்டாலுக்கு ஒருவர் போய்க் கைகுலுக்கிக்கொள்கிற இடம். நம்மூரிலிருந்தும் விமானச் சீட்டு, ஹோட்டல் எல்லாம் கம்பெனி செலவில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், மேடையில் புது மீன்தொட்டியைத் திறந்துவைக்கிற துரையிடம் மைக்கை வாங்கிக் கேட்கட்டும்: 5 வோல்ட் பிளக்கை 12 வோல்ட்டில் ஏறாதபடி செய்ய ஒரு பிளாஸ்டிக் கட்டை போதுமே, அதற்கு என்ன செலவாகும்? பதில் ரூபாயில் வேண்டாம், பைசாவில் சொன்னால் போதும்.